பின்வாசல் நூற்றுப் பன்னிரண்டு

மீசைக்கு ஐந்து மாதம் என்று அட்டை சொன்னது.

ஐம்பத்து மூன்று வயது. ஒற்றை ஆளாகக் கல் மூட்டையைப் புரட்டிப் போடுகிற தோள். இருபுறமும் காது வரை போய் எட்டிப் பார்க்கிற மீசை. இப்படிப்பட்ட மனிதரின் வருடாந்திர மருத்துவ அட்டையில், ‘எக்ஸ்ரே எடுக்காததற்குக் காரணம்’ என்ற வரிக்கு எதிரே ‘கருவுற்றிருக்கிறார், ஐந்து மாதம்’ என்று அச்சாகியிருந்தது. கீழே கம்பெனி முத்திரை. அதற்கும் கீழே மேலாளரின் கையெழுத்து.

அரவைக் கொட்டகையில் அன்று காலை கல் அரைபட்டதைவிட மீசைதான் அதிகம் அரைபட்டார்.

“வயித்தைப் பார்த்தப்பவே நினைச்சேன்.”

“பிரசவ லீவு எழுதிக் குடுத்துட்டியா மீசை?”

“புள்ளை மீசையோட பொறக்குமா, இல்ல அப்புறமா முளைக்குமா?”

மீசை அசரவில்லை. “வீட்ல காட்டினேன். எம் பொண்டாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, யாருய்யா காரணம்னு.”

சாப்பாட்டு இடைவேளையில், பின்னால் ஏழெட்டுப் பேர் சூழ, மருத்துவ அறையின் ஜன்னலுக்கு வந்து அட்டையை உள்ளே நீட்டினார். ஜன்னலுக்கு உள்ளே கட்டம்மா.

“இங்க பாரு கட்டம்மா. அந்த வேன்ல ஏறி நெஞ்சைக் காட்டி நின்னேனா இல்லையா? மூச்சைப் பிடிங்கன்னு டாக்டரம்மா சொன்னதுக்குக் கண்ணு இருட்டுற வரைக்கும் பிடிச்சேன். இப்ப எக்ஸ்ரேயே எடுக்கலைங்குது. காரணம் வேற எழுதியிருக்கு. நல்ல காரணம்.”

கட்டம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “குடுங்கண்ணே. அடிக்கும்போது ஏதாவது மாறியிருக்கும். சாயங்காலத்துக்குள்ள வேற கார்டு தர்றேன்.”

“இதையும் திருப்பிக் குடு. சட்டம் போட்டு மாட்டணும்.”

கட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கொட்டகை வைத்த பெயர். நாள் முழுக்கக் கணினித் திரையில் கட்டம் கட்டமாக எதையோ நிரப்பிக்கொண்டிருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பதால் அவரும் மறுக்கவில்லை. தரை ஓடு செய்கிற அந்தத் தொழிற்சாலைக்குப் பத்தொன்பது வயதில் கல்கூடை சுமக்க வந்தவர். கூட்டி வந்தது அண்ணன். மூன்றாவது வருடம், கல் ஏற்றுகிற பெல்ட் அவருடைய இடது கையின் இரண்டு விரல் நுனிகளை வாங்கிக்கொண்டது. நிர்வாகம் பெருந்தன்மையோடு ஒரு துடைப்பத்தைக் கொடுத்து மருத்துவ அறையைப் பெருக்கச் சொன்னது. பெருக்குவதற்கு எட்டு விரல் போதும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்த அறையில் ஒரு கணினியும் அதைக் காவல் காக்கிற ஒரு பழைய எழுத்தரும் இருந்தார்கள். எழுத்தர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கட்டம்மாவுக்கு ஆசை வந்தது. உனக்கெதுக்கும்மா இந்த வேலை என்று கேட்காதவர் அண்ணன் ஒருவர்தான். ஆறு மாதம், ஷிஃப்ட் முடிந்த களைப்போடு, தங்கையைச் சைக்கிளில் ஏற்றிக் கணினி வகுப்புக்குக் கொண்டுபோனார். வகுப்பு மாடியில். அண்ணன் கீழே, சைக்கிளின் பின் இருக்கையில். தங்கை இறங்கி வந்ததும், “என்ன பாப்பா, இன்னைக்கு என்ன பாடம்?” என்று கேட்பார். சொன்னால் ஒன்றும் விளங்காது. விளங்காததை வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே மிதிப்பார்.

எழுத்தர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி கட்டம்மாவுக்குக் கிடைத்தது. அது நடந்து ஆறு வருடம்.

இங்கே அந்தத் தொழிற்சாலையின் எண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்வாசல் வழியாகப் போகிறவர்கள் அலுவலகம், வரைபட அறை, பேக்கிங், கிடங்கு. பின்வாசல் வழியாகப் போகிறவர்கள் கல் உடைப்பவர்கள், அரைப்பவர்கள், சலிப்பவர்கள். பின்பக்கம் முன்பு தனிக் கம்பெனியாக இருந்தது. முன்பக்கம் அதை வாங்கி, நடுவில் இருந்த சுவரை இடித்தது. ஆட்களின் எண்களை மட்டும் யாரும் இடித்துக் கட்டவில்லை. முன்வாசலிலும் ஒன்று, இரண்டு, மூன்று. பின்வாசலிலும் ஒன்று, இரண்டு, மூன்று. பேச்சில் இதனால் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. “பின்வாசல் எண்பத்தேழைக் கூப்பிடு” என்றால் மீசைதான் வருவார். வாசலைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிற ஆள் அங்கே கிடையாது.

தாளில் மட்டும் வாசல் எழுத்தாக இல்லை, நிறமாக இருந்தது. பழைய எழுத்தரின் ஏற்பாடு அது. எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டார். முன்வாசல் மேலே, பின்வாசல் கீழே. பின்வாசல் வரிகளுக்கு மட்டும் சிவப்பு அடித்தார். அவருக்கு அது போதும். வருடா வருடம் மருத்துவ வேன் வரும். மூன்று நாளில் எல்லோருடைய நெஞ்சையும் ஊடுருவிப் பார்த்து, மூச்சையும் ஊதவைத்து அளந்துவிட்டு, டாக்டர் அந்தப் பட்டியலிலேயே ஒவ்வொருவருக்கும் எதிரே முடிவை எழுதி அனுப்புவார். எழுத்தர் சிவப்பைத் தன் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு அட்டையாகக் கையால் எழுதுவார். மூன்று வாரம் பிடிக்கும்.

கட்டம்மா அந்த மூன்று வாரத்தை அரை நாளாக்கினார். எக்செலில் லுக்கப் என்று ஒரு ஃபார்முலா உண்டு. தெருமுனையில் நின்று ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால், முதலில் எந்த வீட்டிலிருந்து தலை தெரிகிறதோ அந்த வீட்டுச் சேதியை வாங்கி வந்து கொடுக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லக் கூடாது என்பது கட்டம்மாவுக்குத் தெரியும்; ஒரே பெயரில் பதினோரு பேர் இருந்தார்கள். எண்ணைக் கொடுத்தார். எண்தானே உறுதியானது? முதல் வருடம் சரிபார்க்கவும் செய்தார். மேலிருந்து முதல் இருபது அட்டைகளை டாக்டரின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். அச்சுப் பிசகவில்லை. நிர்வாகம் கைக்கடிகாரம் ஒன்று பரிசளித்தது.

முதல் இருபதும் முன்வாசல்.

மீசை போன பிறகு, கட்டம்மா சிரிப்பு அடங்காமலேயே டாக்டரின் தாளைத் திறந்து எண்பத்தேழுக்குப் போனார். வெள்ளை வரி. பேக்கிங் பெண், ஐந்து மாதம், எக்ஸ்ரே எடுக்கவில்லை. அந்தக் காரண வரியே இந்த வருடம் புதிதாகச் சேர்த்ததுதான். சரி, மீசை எங்கே என்று கீழே இழுத்துக்கொண்டே போனார். இருநூற்று முப்பது வரி தாண்டிச் சிவப்பு தொடங்கியது. சிவப்பிலும் ஓர் எண்பத்தேழு. எதிரே டாக்டரின் குறிப்பு: ‘தூசிப் படிவு, தொடக்க நிலை. அரவையிலிருந்து மாற்றவும்.’

ஃபார்முலாவுக்கு எண் தெரியும். நிறம் தெரியாது. எண்பத்தேழு என்று கூப்பிட்டதும் மேலேயே ஒருவர் கிடைத்துவிட்டார். கீழே அது எதற்காகப் போகும்?

கட்டம்மாவின் கை மவுஸின் மேலேயே இருந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. எண்பத்தேழுக்கு இப்படி என்றால் எண்பத்தாறுக்கு? எண்பத்தெட்டுக்கு? சிவப்பு வரிகள் நூற்று அறுபத்து மூன்று. அத்தனை பேர் கையிலும் இருப்பது இன்னொருவர் நெஞ்சு. ஒரு வருடத்து அட்டை இல்லை. ஆறு வருடத்து அட்டை.

சிவப்பில் ஓர் எண்ணைத் தேடிப் போக அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டுக்குப் போனார்.

பின்வாசல் நூற்றுப் பன்னிரண்டு அவருடைய அண்ணன்.

ஆறு வருடத்துத் தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தார். டாக்டரின் குறிப்புகள் இவை.

முதல் வருடம்: ‘சீராக உள்ளது.’

இரண்டாம் வருடம்: ‘சிறு புள்ளிகள். கவனிக்கவும்.’

மூன்றாம் வருடம்: ‘தூசியிலிருந்து மாற்றவும்.’

நான்காம் வருடம்: ‘உடனே மாற்றவும். போன வருடமே எழுதினேன்.’

ஐந்தாம் வருடம்: ‘இன்னும் மாற்றவில்லையா?’

இந்த வருடம் வாக்கியமே இல்லை. ‘மூன்றாம் நிலை. இரு பக்கமும்.’

அண்ணனுக்குக் கட்டம்மா அச்சடித்துக் கொடுத்த ஆறு அட்டைகளிலும் இருந்தது: ‘மூச்சுத் திறன் மிக நன்று. பணிக்குத் தகுதி.’

மூன்று மாதத்துக்கு முன், அண்ணன் மேலாளரிடம் போய், படியேற முடியவில்லை, வேறு இடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். மேலாளர் அட்டையை எடுத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார். அன்று மாலை அண்ணன் வீட்டுச் சமையலறையில் நடந்தது கட்டம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

“ராத்திரி பூரா இருமல், பகல் பூரா படுக்கை,” என்றார் அண்ணி. “உங்க அண்ணனை நீயே கேளு.”

“அண்ணே, கார்டை நான்தானே அடிச்சேன்? தொண்ணூத்தாறு சதவீதம். என் மூச்சே அவ்வளவு இல்ல. சிகரெட்டை விடு. சும்மா நடிக்காதே.”

அண்ணன் வாதாடவில்லை. “கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் பாப்பா,” என்றார். மறுநாள் வேலைக்குப் போனார். சிகரெட்டையும் விட்டுவிட்டார். இருமலை விட முடியவில்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு மனிதன் வாய் திறந்து சொல்கிறான். இல்லை, வலிக்கவில்லை என்று ஒரு காகிதம் சொல்கிறது. காகிதத்தை நம்பினார்கள், மேலாளர் மட்டுமா, கட்டியவளும் கூடப் பிறந்தவளும் நம்பினார்கள். கல்லிடம் குறி கேட்பதைக் கேலி செய்கிற நாம், கணினியிடம் கேட்டால் அது அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம். எதைக் கேட்டோம், என்ன சொல்லிக் கேட்டோம் என்று திரும்பிப் பார்க்காத வரை இரண்டும் ஒன்றுதான்.

கட்டம்மா மருத்துவ வேன் டாக்டரிடம் தொலைபேசியில் பேசினார். யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் கேட்டார். “அப்ப அவங்க யாருக்கும் தெரியாதா?”

“தெரியாது மேடம்.”

“நான் ஆறு வருஷமா எழுதறேம்மா. உங்க கம்பெனி வேணும்னே மாத்தலைன்னு நினைச்சேன். அவங்ககிட்ட கார்டு இருக்கு, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வேலை போயிடும்னு பயந்து பேசாம இருக்காங்கன்னு நினைச்சேன்.”

“நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்.”

“ஆமா,” என்றார் டாக்டர். “சொல்லியிருக்கலாம்.”

ஆறு வருடத்தில் அந்த வேனில் ஏறி இறங்கியவர்களிடம் அவர் சொன்னது மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. நான்காவது ஒரு சொல் சொல்ல நேரமில்லை. வெளியே வரிசை நின்றது.

மேலாளரின் அறைக்குப் போகும்போது, எப்படிச் சொல்வது என்பதுதான் கட்டம்மாவின் கவலையாக இருந்தது. கேட்டதும் மனிதர் இடிந்துபோவார் என்று நினைத்தார். ஆறு தாள்களையும் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் பரப்பினார். மீசையின் அட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உட்காரும்மா.”

கட்டம்மா நின்றார்.

“டாக்டர் தாள் எனக்கும்தான் மெயில்ல வரும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டுச்சு. ஆனா கார்டெல்லாம் சுத்தமா இருந்துச்சு. சரி, நீ பார்த்துதான் போட்டிருப்பேன்னு விட்டுட்டேன்.”

அந்த மனிதர் அதிரவில்லை. கட்டம்மாவை அதிரவைத்தது அதுதான்.

“இப்ப என்ன சார் பண்றது?”

“பதட்டப்படாதே. அடுத்த வருஷத்துல இருந்து ஃபார்முலாவைச் சரி பண்ணிடு. இந்த வருஷம் ரொம்ப முடியாதவங்க நாலஞ்சு பேரை மெல்ல மாத்திக்கலாம். பழசை யாரும் கிளற வேண்டாம்.”

“நாப்பத்தொரு பேரை மாத்தச் சொல்லி எழுதியிருக்காங்க சார்.”

“நாப்பத்தொரு பேரை ஒரே நாள்ல எடுத்தா அரவை ஓடுமா?” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இன்னொண்ணும் யோசிச்சுக்கோ. ஃபார்முலா போட்டது யாரு? நானா? கார்டு அடிச்சது யாரு? வெளியே தெரிஞ்சா முதல்ல யாரைக் கேப்பாங்க? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

கட்டம்மா தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

தப்பித்துவிட வழி இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் எல்லாம் சரியாகிவிடும். அண்ணனை மட்டும் அந்த ‘நாலஞ்சு பேரில்’ சேர்த்துவிடலாம். கைக்கடிகாரமும் நாற்காலியும் மிஞ்சும். இதையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்தார். நினைத்தேன் என்று அவரே என்னிடம் சொன்னார். அப்புறம், ஆறு வருடத்துத் தாள்களிலும் சிவப்பு வரிகளை மேலிருந்து கீழாக ஒரு முறை முழுவதும் வாசித்தார். முப்பத்தொன்றில் நின்றுவிட்டார்.

பின்வாசல் முப்பத்தொன்று போன வருடம் இறந்துபோனவர். நாற்பத்து நான்கு வயது. அட்டையில் தகுதி என்று இருந்ததால், குடி என்றார்கள் சிலர். விதி என்றார்கள் மற்றவர்கள். சாவு வீட்டில் கட்டம்மாவே அப்படித்தான் சொல்லி அவர் மனைவியைத் தேற்றினார். விதி இல்லை. ஆறாவது நெடுவரிசை, இருநூற்று அறுபத்து ஒன்றாவது வரி. நான்கு வருடமாக அங்கேயே எழுதியிருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. முன்வாசலில் யாராவது வேலையை விட்டுப் போயிருந்தால் அந்த எண் மேலே இருக்காது. அப்போது ஃபார்முலா கீழே இறங்கி, சிவப்பு ஆளின் உண்மையான முடிவையே எடுத்து வந்திருக்கும். ஆறு வருடத்தில் அப்படி நால்வருக்கு ‘இடம் மாற்றவும்’ என்று அட்டை வந்து, மாற்றப்பட்டிருந்தார்கள். எங்கேயோ ஆளைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள் என்று கொட்டகை அந்த நால்வரோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கட்டம்மா வேலையைத் தொடங்கினார். எண்ணுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை, தலைப்பு, வாசல். வெள்ளை வரிக்கு ‘மு’, சிவப்பு வரிக்கு ‘பி’. நிறத்தைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாக, எட்டு விரலால். பிறகு வாசலையும் எண்ணையும் சேர்த்து ஒரே அடையாளமாக்கினார்: பி-87, பி-112. எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது, வாசலும் ஒத்துப்போக வேண்டும்; இரண்டும் ஒத்தால்தான் எடு, இல்லையென்றால் வெறுமையாக விடு. ஃபார்முலாவில் இந்த மாற்றத்துக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. கொட்டகையில் படிப்பில்லாத எவரும் வாயால் செய்துகொண்டிருந்ததுதான் அது. வாசலையும் சேர்த்துச் சொல்வது.

இந்த முறை முதல் இருபதைச் சரிபார்க்கவில்லை. கடைசியிலிருந்து தொடங்கி, சிவப்பு வரி நூற்று அறுபத்து மூன்றையும் பார்த்தார்.

மறுநாள் பகல் இரண்டு மணி. ஒரு ஷிஃப்ட் வெளியே வருகிற, மறு ஷிஃப்ட் உள்ளே போகிற நேரம். பின்வாசலில், கல் லாரி எடை போடுகிற மேடைக்குப் பக்கத்தில், கட்டம்மா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். கையில் அட்டைக் கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஆறு வருடம், ஆறு வரி.

“என்ன கட்டம்மா, எலக்ஷன்ல நிக்கிறியா?” என்றார் மீசை. “என் கார்டு எங்க? பேர் வைக்கிற நாள் நெருங்குது.”

யாரோ சிரித்தார்கள். கட்டம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

“ஆறு வருஷமா நான் உங்களுக்குக் குடுத்த கார்டு உங்களுது இல்ல,” என்றார் கட்டம்மா. “முன்வாசல்ல உங்க நம்பர் யாருக்கு இருக்கோ அவங்களுது. ஃபார்முலா போட்டது நான். தப்பு என்னுது. டாக்டர் உங்களைப் பத்தி எழுதினது இதுல இருக்கு. வாங்கிப் படிங்க. படிக்கத் தெரியாதவங்க என்கிட்ட வாங்க. நான் படிச்சுச் சொல்றேன்.”

ஒவ்வொருவராக வந்தார்கள். மீசை வாங்கிப் படித்தார், மறுபடி படித்தார். “தொடக்க நிலைன்னா?”

“இப்ப வெளியே வந்துட்டா பொழைச்சுக்கலாம்னு அர்த்தம் அண்ணே.”

“நல்லவேளை, புள்ளை உண்டானேன்,” என்றார் மீசை. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்களும் சிரிக்கவில்லை.

அண்ணன் கடைசியில் நின்றார். கூட்டத்தில் முண்ட மூச்சு இல்லை. கட்டம்மா பெஞ்சிலிருந்து இறங்கிப் போய் அட்டையை நீட்டினார். அண்ணன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். விரலை வரிக்குக் கீழே வைத்து, முதல் வருடத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார். ‘இன்னும் மாற்றவில்லையா’ என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு கடைசி வரி.

கட்டம்மா காத்திருந்தார். அறைவார் என்றால் அறையட்டும் என்றுதான் நின்றேன் என்றார் என்னிடம்.

அண்ணன் அட்டையிலிருந்து கண்ணை எடுத்தார். “அப்ப நான் நடிக்கலை,” என்றார்.

“இல்லண்ணே.”

“உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டா.”

இரண்டேகாலுக்குச் சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை. வெளியே வந்தவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நான்காம் நாள், நாற்பத்தொரு பேரையும் அரவையிலிருந்து எடுப்பதாகவும், சிகிச்சை கம்பெனியின் பொறுப்பு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். அறிவிப்புப் பலகையில், ‘கணினிக் கோளாறு காரணமாக’ என்று தொடங்குகிற ஒரு தாளை ஒட்டினார்கள். கட்டம்மா போய் அதன் கீழே பேனாவால் எழுதினார்: ‘கணினியில் கோளாறு இல்லை. கேட்டது அரைகுறை. கேட்டவள் நான். வந்த தாளைப் படிக்காதவர் மேலாளர்.’ அன்றே அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பதினோராம் நாள் திரும்பக் கூப்பிட்டார்கள். கருணையால் இல்லை, அடுத்த பட்டியலைப் போட வேறு ஆள் இல்லை. மேலாளர் வேறு கிளைக்கு, இதைவிடப் பெரிய நாற்காலிக்குப் போனார். அதிர்ச்சி அடையாதவர்களுக்கு எப்போதும் மேலே இடம் இருக்கிறது.

இந்த நோய் வந்த வழியில் திரும்பிப் போகாது. அண்ணனுக்கு இப்போது கிடங்கு வாசலில் உட்கார்ந்து சீட்டு வாங்குகிற வேலை. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் பேசுவார்.

இடம் மாறி வந்த முதல் நாள் தங்கையிடம் ஒன்று கேட்டார். “முன்வாசல் நூத்திப் பன்னெண்டு யாரு பாப்பா?”

“வரைபட அறைல ஒருத்தர். எதுக்கு?”

“பார்க்கணும். ஆறு வருஷமா அவர் நெஞ்சுலதானே நான் மூச்சு விட்டிருக்கேன்.”

கட்டம்மா போய்ச் சொன்னார். அந்த இளைஞருக்கு இருபத்தொன்பது வயது. தினமும் காலையில் ஓடுகிறவர். விஷயம் தொழிற்சாலை முழுக்கப் பரவியிருந்ததால் அவருக்கும் தெரியும். செய்யாத குற்றத்துக்கு வந்து நிற்பவரைப் போல, கிடங்கு வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மன்னிச்சிடுங்க ஐயா,” என்றார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

அண்ணன் அவரை உட்காரச் சொன்னார். அந்த நெஞ்சு ஏறி இறங்குவதை, கடையில் பொருளைப் பார்ப்பது போல, நிதானமாகப் பார்த்தார். இருமல் வந்தது. அது முடிகிற வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“நல்லா வச்சிருக்கீங்க தம்பி,” என்றார் அண்ணன்.